எருமப்பட்டிக்குப் போன கடற்பஞ்சு

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போதே தெர்மாகோல் பெட்டியின் அடிமூலை வியர்க்கத் தொடங்கியிருந்தது. பிளாட்பாரத்திலேயே நின்று டாக்டர் பூங்கொடியைக் கூப்பிட்டேன். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கோழி நோய்க்கிருமிகளை ஆராயும் கால்நடை மருத்துவர். அவரோடு அதுவரை போனில் மட்டும்தான் பழக்கம்.

"மேடம், நானே கூப்பிடலாம்னு இருந்தேனுங்க. இன்னிக்குக் கோயில் பண்டிகைன்னு லீவு விட்டுட்டாங்க. நாளைக்கு வந்துருங்களேன்."

"பூங்கொடி, நான் சேலத்துல இறங்கிட்டேன்."

"அட, அதுவும் நல்லதுதானுங்க. சேலத்தச் சுத்திப் பாருங்க."

உருகிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊரை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

பெட்டிக்குள் மூன்று பொட்டலங்களில் உறைய வைத்த கடற்பஞ்சு இருந்தது. எங்கள் தூத்துக்குடிக் கடலில் நண்டு வலையில் சிக்கி, மீனவர்கள் கழிவோடு கழிவாக மணலில் உதறிப்போட்டது. நான் கல்லூரியில் கடல் உயிரியல் நடத்துகிறேன். கரையில் கிடக்கும் கழிவைக் கிளறுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழுப்பு மஞ்சள் பஞ்சின் சாறு, மற்ற மருந்துகளுக்கு அசையாத சில பாக்டீரியாக்களை அசைத்துப் பார்த்தது. அதன் பிறகு எத்தனையோ தடவை கரைக்குப் போய்க் காத்திருந்தும் அந்த வகை மறுபடி வலையில் ஏறவில்லை. இருப்பது இந்த மூன்று பொட்டலம்தான். பூங்கொடி செத்த கோழிகளிலிருந்து எடுத்து வைத்திருக்கும் கிருமியையும் இந்தச் சாறு அசைக்குமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கூரியரில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு ஒருமுறை வேறொரு பஞ்சை அனுப்பினேன். ஏதோ ஒரு கிடங்கில் வெயிலில் கிடந்து, பூங்கொடியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்றம் மட்டும்தான் மிச்சம். சாறாக எடுத்து அனுப்பலாம் என்றால் இதன் சாறு சில நாளிலேயே வீரியம் இழந்துவிடுகிறது. கிருமியைத் தூத்துக்குடிக்கு வரவழைக்கலாம் என்றால், எந்த மருந்துக்கும் மசியாத கிருமியைப் பஸ்ஸில் ஏற்ற இருவருக்குமே மனமில்லை. ஆகவே பஞ்சுதான் கிருமியிடம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

டிரை ஐஸ் எனும் உலர்பனி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த சேலத்துக்காரர் போனை எடுக்கவே இல்லை. லாட்ஜ் மேலாளரிடம் ஃப்ரிட்ஜில் இடம் கேட்டேன். அவர் மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்த்தார். "இத வெச்சா நாளைக்குத் தயிரெல்லாம் நாறுங்க மேடம்" என்று சொல்லி மூடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பஞ்சு உயிரோடு இருக்கும்போதே பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி வீசும்.

மிச்சமிருந்த வழி பழைய வழி. கட்டை ஐஸை உடைத்துக் கல்லுப்பைக் கலந்தால் வெறும் ஐஸைவிடக் கூடுதலாகக் குளிரும். ஆட்டோ பிடித்து, ஐஸும் உப்பும் மொத்தமாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன்.

"பெட்டில என்னக்கா?" என்றார் ஓட்டுநர்.

"கடற்பஞ்சு."

அவர் தலையாட்டினார். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் முட்டி மோதி ஓட்டிக்கொண்டு போய் ஒரு மெத்தைக் கடை வாசலில் நிறுத்தினார். "இவுங்க எல்லாப் பஞ்சும் எடுப்பாங்கக்கா. இலவம்பஞ்சு, கழிவுப் பஞ்சு, எதுன்னாலும்."

கடைக்காரர் வெளியே வந்து, "சாம்பிள் காட்டுங்க" என்று கையை நீட்டினார்.

"இது மெத்தைக்கு ஆகாதுங்க. இது ஒரு பிராணி."

அவர் கை பாதியில் நின்றது. "உசுரோட இருக்குதுங்களா?"

"இல்ல. உறைஞ்சிருக்கு."

"செரி, எதுக்கும் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க" என்றார் மரியாதையாக.

பக்கத்துச் சந்தில் ஐஸ் கிடைத்தது. மளிகைக் கடையில் உப்பு கேட்டபோது கடைக்காரர் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். "தூத்துக்குடி உப்புங்க. இதவிட நல்ல உப்பு எங்கயும் வராது." எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் உப்பளம் தெரியும். காற்றில்கூட அதன் கரிப்பு வரும் ஊரிலிருந்து வந்து, அதே உப்பைச் சேலத்தில் சுமந்துகொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

சாயங்காலம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் துருவி, இரண்டு வகைச் சட்னி தடவிக் கொடுத்தார்கள். அன்று முழுவதும் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மறுநாள் நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்த பார்வையே சரியில்லை. "மீன் பெட்டி ஏத்தறதில்லீங்க."

"மீன் இல்லைங்க. ஆராய்ச்சிப் பொருள்."

"ஆராய்ச்சி ஏனுங்க இப்படி நாறுது?" என்று கேட்டுவிட்டு, மனமிரங்கி, பெட்டியை டிரைவர் பக்கம் எடுத்துப் போய் வைத்தார். கூட்டம் கொஞ்சம் விலகிய பிறகுதான் பார்த்தேன். இன்ஜின் மேல் இருக்கும் மூடியில் வைத்திருக்கிறார். அந்த மூடியின் மேல் கை வைத்தால் கொப்பளிக்கும். நான் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தபோது டிரைவர், "அங்கயே இருக்கட்டும், விழாதுங்க" என்றார். அது விழுவது பற்றி எனக்குக் கவலையே இல்லை என்று விளக்குவதற்குள் ராசிபுரம் வந்துவிட்டது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் ரிக் வண்டியில் வேலை செய்பவர். வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பெட்டியில் இருப்பது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"கடலுக்கு அடியில பஞ்சு மொளைக்குதுங்களா?"

"செடி இல்லைங்க. பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிற பிராணி. வாய், வயிறு, ரத்தம், நரம்பு எதுவும் கிடையாது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. அது வழியா நாள் பூராவும் தண்ணிய உள்ள இழுத்து, தண்ணியில இருக்கிற நுண்ணுயிரை வடிகட்டித் தின்னுட்டு, மேல இருக்கிற பெரிய ஓட்டை வழியா வெளிய விட்டுரும்."

"மோட்டாரு?"

நல்ல கேள்வி. உள்ளறைகளில் சவுக்கு போல ஒற்றை இழை வைத்த செல்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து அடித்தால் தண்ணீர் ஓடும். அதைச் சொன்னதும் அவர் யோசித்தார். "கரண்ட் பில் இல்லாத மோட்டாருங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே தூங்கிவிடுவார்கள்.

கல்லூரியில் பூங்கொடி வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அன்று பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது அலுவலகத்துக்கும் முதல்வர் அறை ஏசிக்கும்தான் போகும். அதோடு ஆழ்குளிர்ப் பெட்டியின் கம்ப்ரசர் வேறு சில நாளாகவே முனகிக்கொண்டிருக்கிறதாம்.

"இத எங்கிட்ட நேத்தே சொல்லிருக்கலாமே."

"நீங்க ஏற்கனவே கோபமா இருந்தீங்க மேடம்."

அவரே ஒரு வழி சொன்னார். எருமப்பட்டிப் பக்கம் அவருடைய பெரியப்பா மகள் செல்வி குடும்பத்துக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. தடுப்பூசி வைக்க நல்ல ஃப்ரீசர், அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு எல்லாம் உண்டு. நாம் சோதிக்கப் போகும் கிருமியே அவர்கள் பண்ணையில் செத்த கோழியிலிருந்து எடுத்ததுதான். செல்வியின் கணவர் தங்கராசு தீவன மூட்டை ஏற்ற நாமக்கல் வந்திருக்கிறார். அவருடைய குட்டியானை லோடு வண்டியிலேயே போய்விடலாம்.

வேறு வழியில்லாமல் தவிட்டு வாசனை நடுவில் உட்கார்ந்து எருமப்பட்டிக்குப் போனோம்.

தங்கராசு அதிகம் பேசாதவர். எதைச் சொன்னாலும் "செரீங்க" என்பார். அந்தச் "செரீங்க" சம்மதமா, காதில் விழுந்தது என்பதற்கான ஒப்புகையா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. பொட்டலங்களைத் தடுப்பூசிக்குப் பக்கத்தில் அடுக்கிய பிறகு பண்ணையைக் காட்டினார். நீண்ட கொட்டகை, வரிசை வரிசையாகக் கூண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் தலைமாட்டில் ஒரு சின்னத் தண்ணீர் டேங்க். கோழிகள் கழுத்தை நீட்டிக் குழாய் முனையைக் கொத்திக் குடித்தன. சில கூண்டுகளில் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடிக் குந்தியிருந்தன. தினமும் காலையில் செத்ததைப் பொறுக்கி எடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது என்றார்.

"மாமா, மொதல்ல தண்ணிக் குழாயக் கழுவுங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்" என்றார் பூங்கொடி. "குழாய்க்குள்ள பாசி கட்டிக் கெடக்குது. கிருமி அதுல குடியிருக்குது. எந்த மருந்து ஊத்தினாலும் அது சாகாது."

"செரீங்க கண்ணு" என்றார் தங்கராசு. பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், உங்க மருந்து எத்தன லிட்டருக்கு எத்தன மில்லிங்க?"

நான் பூங்கொடியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இது மருந்து இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். இடத்தை விட்டு நகர முடியாத பிராணி இது. கொம்பு, ஓடு, பல் எதுவும் கிடையாது. தின்ன வருகிற மீனையும், மேலே படர வருகிற பாசியையும், உள்ளே நுழையும் கிருமியையும் வேதிப்பொருளை வைத்துத்தான் தடுக்கிறது. சில வகைகளில் அந்தப் பொருளைச் செய்வது பஞ்சுகூட இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். உலகத்தில் எங்கெங்கோ இப்படிக் கிடைத்த மூலக்கூறுகளைப் பார்த்து ரத்தப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் மருந்து செய்திருக்கிறார்கள். ஆனால் பஞ்சில் கண்டுபிடித்ததற்கும் மருந்தாக வந்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறை கடந்துவிடும். லாரி நிறையப் பஞ்சை அரைத்தாலும் அந்தப் பொருள் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. கிருமியைக் கொல்வது கோழியையும் கொல்லலாம், மனிதரையும் கொல்லலாம்.

"வெறுங்கையில தொடவும் கூடாது, பாத்துக்கிடுங்க. உடம்பு பூராவும் கண்ணாடி ஊசி மாதிரி முள்ளு. தோல்ல ஏறினா ரெண்டு நாளைக்கு அரிக்கும்."

"செரீங்க."

மதியச் சாப்பாட்டில் முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், தனியாக அவித்த முட்டை. மீன் இல்லாத ஊரில் முட்டைதான் மீன் என்று வைத்துக்கொண்டேன். செல்வி என் இலையைவிட்டு நகரவே இல்லை. "இன்னொரு வாயி சாப்புடுங்க சாமி" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "கண்ணு இல்ல, வாயி இல்ல, கொடலு இல்லங்கறீங்க. பொறவு எப்படிங்க அது பிராணி?"

"சல்லடையில தேச்சு அணு அணுவாப் பிரிச்சுப் போட்டாலும், சில வகைப் பஞ்சு மறுபடி ஒண்ணோட ஒண்ணு தேடிப்போய் ஒட்டிக்கிடும்ங்க. செடி அப்படிச் செய்யாது."

செல்வி கரண்டியோடு நின்று யோசித்தார். "எங்க பங்காளிகளுக்கு அது தெரியலீங்களே" என்றார். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் மின்சாரம் வந்தது. ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துவந்து சாறு இறக்கினோம். கண்ணாடித் தட்டுகளில் தங்கராசுவின் பண்ணைக் கிருமியைப் பரப்பி, நடுவே சாற்றில் நனைத்த சிறு வட்டத் தாள்களை வைத்தார் பூங்கொடி. வழக்கமான மருந்துகளின் தாளையும் பக்கத்தில் வைத்தார். நடுவில் வடிகட்டும் பம்பு நின்றுபோனது. அதைச் சரிசெய்ய வந்தவர் ஸ்குரூ டிரைவரை மறந்து வந்திருந்தார். இதற்கெல்லாம் நான் பழகியிருந்தேன்.

மறுநாள் காலை தட்டுகளைத் திறந்தோம். வழக்கமான மருந்துகளைச் சுற்றிக் கிருமி தாள் விளிம்பு வரை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எங்கள் தாளைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம். பெரியதில்லை. ஆனால் எல்லாத் தட்டிலும் இருந்தது. பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை எரிச்சலும் அந்த வளையத்துக்காக என்றால் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

"யார்ட்டயும் இப்போ சொல்ல வேண்டாம்" என்றேன். "இன்னொரு தடவை செஞ்சு பார்ப்போம். ரத்த அணுவை உடைக்குதான்னு பார்க்கணும்."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

கை கழுவிவிட்டு வந்தபோது அவர் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மாமா, உங்க கிருமி சாகுதுங்க. எங்கண்ணால பாத்தேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "குடும்பத்துல கஷ்டப்படறாங்க மேடம், ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்" என்றார். அன்று முழுக்கச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இரண்டு பேரும் தேவைக்கு மட்டுமே பேசினோம்.

மறுநாள்தான் மிச்சமிருந்த இரண்டு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள். பூங்கொடியின் ஸ்கூட்டரில் எருமப்பட்டிக்குப் போனோம். வாசலில் முட்டை லாரி நின்றிருந்தது. கொட்டகைக்கு முன்னால் முட்டை அட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தங்கராசு எங்களைப் பார்த்து எழுந்தார். வாங்க என்று சொன்னார். இரண்டு கையையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டே இருந்தார். விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன். தடுப்பூசிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"எதுல போட்டீங்க?"

அவர் கொட்டகைக் கடைசியைக் கை காட்டினார். "ஓரத்து வரிசை டேங்குக்கு மட்டுந்தானுங்க. துணில வடிகட்டித்தான் ஊத்தினேன்."

"எப்போ?"

"நேத்துப் பொழுதோட. பூங்கொடி போன் பண்ணின பொறவு."

செல்வி சமையலறையிலிருந்து வந்தார். கண் வீங்கியிருந்தது. "மிக்சில போட்டு அரைச்சாருங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டதுக்குப் பதிலே இல்ல. நாத்தம் ஊடு பூராவும். அந்த ஜாரத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டேன். இன்னொண்ணையும் எடுக்க வந்தாரு, அத நான் ஒளிச்சு வெச்சுட்டேன்." ஃப்ரிட்ஜின் பனித்தட்டில், தேங்காய்த் துருவல் டப்பாவுக்கு அடியிலிருந்து மூன்றாவது பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "மொதல்ல இதக் கொண்டு போயிருங்க. இங்க இருந்தா நாளைக்கும் கலக்குவாரு."

ஓரத்து வரிசைக்குப் போனோம். பல கோழிகள் கூண்டுக் கம்பியில் கழுத்தைத் தொங்கவிட்டுச் செத்திருந்தன. மற்றவை வாயைத் திறந்து மூச்சு வாங்கின. பக்கத்து வரிசைகளில் அவ்வளவு சாவு இல்லை. பூங்கொடி ஒன்றை வெளியே எடுத்துச் சிமென்ட் தரையில் வைத்து அறுத்துப் பார்த்தார். குடல் முழுக்க ரத்தம் கட்டியிருந்தது. "இது நாம பாத்த நோய் இல்லீங்க மேடம்" என்றார் நிமிராமல்.

நான் கத்திவிட்டேன். மருந்து இல்லை என்று எத்தனை முறை சொன்னேன், தொடாதே என்று சொன்னேன், மூன்று பொட்டலத்துக்காக எத்தனை வருடம் கரையில் நின்றேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கராசு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க ஒரு தலமொற ஆகும்னீங்க. எனக்கு நாளைக்குக் காலைல எத்தன சாகுமோன்னுதாங்க கணக்கு. கிருமி சாகுதுன்னு பூங்கொடி சொல்லுச்சு. பொறவு நான் எதுக்குங்க காத்திருக்கறது?"

என் கோபம் போய்விடவில்லை. அந்த நேரத்தில்தான் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், எனக்கு முட்டை ஞாபகம் வந்தது.

"அந்த வரிசை முட்டை எங்க?"

தங்கராசு அடுக்கைப் பார்த்தார். காலையில் எடுத்த முட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன. எந்த அட்டையில் எது என்று யாருக்கும் தெரியாது.

"லாரில ஏத்தக்கூடாது" என்றேன்.

"ஒரு வரிசைக்காக மொத்தத்தையுமாங்க?" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "முட்டைக்குள்ள அது போகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. போகாதுன்னும் தெரியாது. அதுக்காகத்தான் சொல்றேன்."

அவர் பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி ரத்தம் பட்ட கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். நான் செல்வியிடம் திரும்பினேன்.

"இந்த அட்டையிலருந்து எடுத்து இன்னைக்கு உங்க வீட்டுல பொரிப்பீங்களா?"

செல்வி நேராக லாரிக்குப் போனார். "இன்னிக்கு லோடு இல்லீங்கண்ணா. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். டிரைவர் ஏன் என்று கேட்டார். செல்வி, "நோவு" என்று மட்டும் சொன்னார். லாரி பின்னால் நகர்ந்து திரும்பிப் போனது. தங்கராசு அது தார்ச்சாலையில் ஏறி மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பூங்கொடிக்கு அப்போதுதான் குரல் வந்தது. செத்த கோழிகளோடு வேறு எதையும் கலக்க வேண்டாம், சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது, டேங்கைக் கழற்றுங்கள், குழாய் முழுக்கக் கழுவியாக வேண்டும், மூச்சு வாங்குகிற கோழிகளைத் தனியாகப் பாருங்கள், அந்த வரிசை முட்டையை நான் சொல்லும் வரை ஒன்றுகூட விற்பனைக்கு எடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். இவ்வளவு நாளும் கழுவாத குழாயை அன்று தங்கராசு எதிர்ப்பேச்சில்லாமல் கழற்றினார். உள்ளேயிருந்து பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று வந்து விழுந்தது.

பண்ணைக்குப் பின்னால் குழி இருந்தது. செல்வியும் நானும் அட்டை அட்டையாகத் தூக்கிப்போய்க் கவிழ்த்தோம். முதலில் ஓடுகள் உடையும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. மஞ்சள் கரு மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து ஓடியது. தங்கராசு மேலே நின்று சுண்ணாம்பைத் தூவினார். கடைசிப் பொட்டலத்தோடு ஐஸ் உருகும் பெட்டி வேப்பமரத்து நிழலில் இருந்தது. நான் பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று தெரிந்தும் யாரும் அவசரப்படவில்லை.

கடைசி அட்டையைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தோம். ஓரத்து வரிசையில் பிழைத்துக் கிடந்த கோழி ஒன்று எழுந்து நின்று உடம்பை உதறியது. கூண்டின் சரிவில் ஒரு முட்டை உருண்டு வந்து முன்கம்பியில் தட்டி நின்றது. தங்கராசு அதை எடுத்தார். அரித்துத் தடித்திருந்த உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தார். அதில் சூடு இருந்திருக்கும். பிறகு நாங்கள் யாரும் எதுவும் சொல்லாமலே குழி வரைக்கும் நடந்துபோய், குனிந்து, அதையும் உள்ளே போட்டார்.